‘சீரியல்’ என்று சொல்லக் கூடாத கடை

காருக்கு ஆடியோ மாட்டுகிறவர்களுக்கென்று எங்கள் வட்டாரத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பூ, சூரிய உதயம், யாரோ ஒருவருடைய மச்சினன் கடைத் திறப்பு விழா என்று அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். போன வாரம் ஒருவர் அதில் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். “அண்ணே, டூயல் காயில் சப்வூஃபர். ஆம்ப்ளிஃபயர் மேல ரெண்டு ஓம்னு போட்டிருக்கு. பிரிட்ஜ் பண்ணி ரெண்டு ஓம்ல ஓட்டலாமா?”

ஓட்டலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எரியும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எதுவும் சொல்லாமல் ஒருவர் மட்டும் கும்பிடு போட்டிருந்தார். அது நான். ஓய்வு பெற்றவனின் முதல் கடமை கும்பிடு போடுவது. இரண்டாவது கடமை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தன் கதையை எழுதுவது. இது இரண்டாவது.

வயதால் நான் ஓய்வு பெறவில்லை, கழுத்தால் பெற்றேன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, காலைக் காருக்கு வெளியே நீட்டி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வாழ்ந்த கழுத்து ஒருநாள் இடப்பக்கம் திரும்பி, நேரே வர மறுத்துவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். சொன்னேன். “இனிமே பாக்காதீங்க” என்றார். பணி ஓய்வு விழா அவ்வளவுதான்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். ஒரு வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று புதுக்கோட்டையில் ஜமால் பாய் கடையில் சேர்ந்தேன். அந்த வேலை இன்னும் கிடைக்கவில்லை.

சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது ஓம். அதைப் பிரணவம் என்று படித்தவன் நான். இங்கே வந்தால் நாலு ஓம், எட்டு ஓம் என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஓம் குறையக் குறையச் சத்தம் கூடும் என்கிறார்கள். பக்தி குறையக் குறைய ஆரவாரம் கூடும் என்பது ஊரில் பார்த்ததுதான் என்பதால் மனப்பாடம் ஆகிவிட்டது. புரிந்தது மட்டும் பாய் சொன்ன பிறகு.

பாய் சத்தம் போட்டுப் பேச மாட்டார். சத்தம் விற்கிற கடையில் அவர் ஒருவர்தான் சத்தமில்லாதவர். யாரையும் திட்டியதும் கிடையாது. தப்பான இணைப்பைப் பார்த்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அப்படியா?” என்பார். அந்த “அப்படியா?”வில் ஒருவன் ராஜினாமா செய்துவிட்டு அறந்தாங்கிக்கே போய்விட்டான்.

எனக்கு அவர் ஓம் சொல்லிக்கொடுத்தது கோயில் வாசலை வைத்து.

“ஓம்னா வேற ஒண்ணுமில்லப்பா, வாசல். சின்ன வாசல்னா கூட்டம் நெருக்கித்தான் போகணும். அது நாலு ஓம்னு வச்சுக்க. பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு வாசலைத் தெறந்துவிட்டா என்னாகும்?”

“கூட்டம் ரெண்டு மடங்கு போகும் பாய்.”

“போகும்ல. அது ரெண்டு ஓம். ஒரு வாசலைத் தாண்டினதும் எதுக்க இன்னொரு வாசலை வச்சா?”

“இன்னும் நெருக்கடி.”

“அது எட்டு ஓம். கூட்டத்துக்கு வாசல் பெருசா இருந்தா சந்தோசம். ஆனா உள்ளேருந்து ஆளை அனுப்பிக்கிட்டே இருக்கானே ஒருத்தன், அவந்தான் ஆம்ப்ளிஃபயர். அவனுக்கு மூச்சு முட்டும். நம்ம பாக்க வேண்டியது அவனை.”

சப்வூஃபர் என்பது சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ உட்கார்ந்து ‘திம் திம்’ என்று நெஞ்சில் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர். சிலவற்றில் ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு காயில் (கம்பிச்சுருள்) இருக்கும்; அதாவது இரண்டு வாசல். இரண்டையும் பக்கம்பக்கமாகக் கட்டுவதா, ஒன்றன் வாலை இன்னொன்றின் தலையில் கட்டுவதா என்பதில்தான் ஆம்ப்ளிஃபயரின் ஆயுள் இருக்கிறது. மற்றதெல்லாம் ஸ்க்ரூ முடுக்குவது.

பாய் கடையின் முறை மாறாது. முதலில் பேட்டரிப் பக்கத்து ஃபியூஸைக் கழற்றி, வேலை பார்க்கிறவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேசையில் வைக்கக் கூடாது; மேசையில் வைத்தால் யாராவது உதவி செய்துவிடுவார்கள். பிறகு காயிலைக் கட்டி, ஆம்ப்ளிஃபயரில் செருகாமல், மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அதற்கும் முன்னால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வேண்டும். அப்போது காட்டுகிற துளி அளவு மீட்டர் வயருடையது. அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். நாலு ஓம் காயில் மீட்டரில் மூன்றே சொச்சம்தான் காட்டும். அதைப் பார்த்து ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். குழுவில் இருக்கிறார்கள்.

அளந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாய் தலையாட்டுவார். உடனே ஆன் பண்ண முடியாது. டீ வரும். ஃபியூஸ் பையிலேயே இருக்க, டீயைக் குடித்துக்கொண்டே கட்டின வயரை மறுபடி பார்க்க வேண்டும். “கட்டினவன் கண்ணுக்குத் தப்பு தெரியாது. டீ குடிச்சவன் கண்ணுக்குத் தெரியும்” என்பார். தெரிந்திருக்கிறது. ஒருமுறை டீயோடு ஃபியூஸையும் மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். என் மனைவி அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். காரின் சொந்தக்காரர் மறுநாள் காலையில் வந்து, எங்கள் வீட்டுக் கொடிக்கு அடியில் தேடினார்.

இனி குழுவில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சேனல்களையும், அதாவது பாட்டை வெளியே அனுப்புகிற இரண்டு வழிகளையும், சேர்த்து ஒரே ஸ்பீக்கரை இழுக்கவைப்பதுதான் பிரிட்ஜ். அப்படிச் செய்தால் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் ஒவ்வொரு சேனலும் பார்க்கும். நீங்கள் இரண்டு ஓம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓம். மேலே பெரிதாக ‘இரண்டு ஓம்’ என்று போட்டிருப்பது தனித்தனிச் சேனலுக்கு. பிரிட்ஜுக்கு நாலுக்குக் குறையாமல் வேண்டும் என்று அதே பெட்டியின் பின்பக்கம், எறும்புக்கு அச்சடித்த எழுத்தில் போட்டிருப்பான். வாங்குகிறவன் முன்பக்கம் படிக்கிறான். நம் சம்பளம் பின்பக்கம் படிப்பதற்கு.

அப்புறம் கடையில் ஒரு சட்டம். வாடிக்கையாளர் காதுபட ‘சீரியல்’ என்று சொல்லக் கூடாது.

எங்கள் பக்கம் சீரியல் என்றால் இரண்டுதான் பொருள். ஒன்று டி.வி.யில் வருவது. இன்னொன்று திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் செட். ஒரு பல்பு போனால் தெருவே இருண்டுவிடும். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் நான் தெரியாமல், “ரெண்டு காயிலையும் சீரியல்ல போட்டிருக்குங்க” என்றேன். எழுந்து நின்றுவிட்டார். “ஏம்ப்பா, ஒண்ணு போனா எல்லாம் போயிருமே, அதா? அதை நீயே வச்சுக்க, எனக்குக் கம்பெனி வயர் போடு.” பாய் வந்து, “சீரியல் இல்லீங்க, வால்பிடி. மேய்ச்சலுக்கு மாடு ஒண்ணு பின்னால ஒண்ணு போற மாதிரி” என்றார். பெரியவர் உட்கார்ந்தார். அன்றிலிருந்து கடையில் வால்பிடி என்றுதான் பேச்சு. இலக்கியம் படித்தவன் என்ற முறையில் அந்தச் சொல்லை நானும் ஆமோதித்தேன். யாரும் கேட்கவில்லை.

சரி. குழுவில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்த செந்தில் விஷயத்துக்கு வருகிறேன்.

செந்தில் ஆலங்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். வளைகுடாவில் கட்டட வயரிங் வேலை. லீவில் வந்தவர் ஒரு பழைய கார் வாங்கி, முன்சீட்டுக்கு அடியில் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் தானே மாட்டியிருந்தார். கடைக்கு வந்து, “இதைவிடப் பெருசா ஒரு சப்வூஃபர் வேணும்ணே” என்றார்.

“இதுக்கு என்ன?”

“அக்காவுக்குப் பாதியிலயே புடிபடாமப் போகுது.”

அக்கா மல்லிகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஊரில் தையல் வேலை. வீட்டில் யாராவது பாட்டுப் போட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். செந்தில் வேலை பார்க்கும் ஊரில் அவர் ஏறின ஒரு காரில் பாட்டுப் போட்டபோது சீட்டே அதிர்ந்திருக்கிறது. அக்காவுக்கு இது போதுமே என்று தோன்றியிருக்கிறது. அந்த நினைப்போடுதான் லீவு போட்டு வந்திருக்கிறார்.

“மொத நாளு சீட்டுல கையை வச்சதும் அதுக்கு ஒரே சிரிப்புண்ணே. விரலால தாளம் போடுது. நான் அழுதுட்டேன்.”

“அப்புறம்?”

“ரெண்டு மூணு பாட்டு ஓடும். அதுக்கப்புறம் நடுப் பாட்டுலயே முடிஞ்சிருச்சுன்னு கையை எடுத்துருது. பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நான் ஓடுதுன்னு சைகை காட்டுறேன், அது இல்லைங்கிது. பின்னால உக்காந்திருந்த சித்தப்பா வீட்டுப் பயலுக கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டானுக. அம்புட்டுத்தான். எறங்கிப் போயிருச்சு. நாங்க எல்லாரும் சேந்து வாயை அசைச்சு நடிக்கிறோம்னு நெனைக்கிது. காருக்குள்ள ஏறவே மாட்டேங்குதுண்ணே.”

“எப்பத் திரும்பப் போறீங்க?”

“வர்ற வாரம். போனா மறுபடி வர ரெண்டு வருசம் ஆகும். அதுக்குள்ள அது மனசுல நான் பொய்யன்னு பதிஞ்சிரும்.”

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போடச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குறைகிறது, உப்பில்லாத சாம்பார் மாதிரி. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. செந்திலும் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சீட்டில் கையை வைத்துப் பார்த்தேன். செத்துக் கிடந்தது.

குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. சூடு தாங்காமல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. கதவு ஸ்பீக்கர்களுக்குப் பாட்டு வேறு வழியில் வருவதால் அவை பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன. காது இருக்கிற எல்லோருக்கும் பாட்டு ஓடுகிறது. மல்லிகாவுக்கு மட்டும் நின்றுவிட்டது. நின்றது உண்மை. காருக்குள் இருந்தவர்களில் அவர் ஒருவர் சொன்னதுதான் சரி.

செந்திலிடம் சொன்னேன். பாட்டை அணைத்தார்.

“பயலுக சிரிச்சதைக்கூட விடுங்கண்ணே. நானும் லேசாச் சிரிச்சேன்” என்றார்.

அளந்து பார்த்தேன். நாலு ஓம் காயில் இரண்டையும் பக்கம்பக்கமாகக் கட்டி, பிரிட்ஜில் கொடுத்திருந்தார். மீட்டர் இரண்டுக்கும் கீழே காட்டியது. போதாததற்கு ஆம்ப்ளிஃபயர் கார்ப்பெட்டுக்கும் இரும்புக்கும் நடுவில், போர்வை போர்த்திய காய்ச்சல்காரன் மாதிரி படுத்திருந்தது.

“இதை மாத்திக் கட்டணும் தம்பி” என்றேன்.

“எப்படி?”

வாய் தவறிவிட்டது. “சீரியல்ல.”

செந்தில் முகம் மாறியது. “நான் வயர்மேன்ணே. ஊரு ஒலகமெல்லாம் பில்டிங் பில்டிங்கா இழுத்திருக்கேன். எவனாவது வீட்டுக்கு சீரியல்ல கரண்டு குடுப்பானா? ரெண்டு பல்பை சீரியல்ல போட்டா ரெண்டும் மங்கும். மங்க வைக்கவா எங்கக்காவுக்கு வாங்கினேன்? அது என்ன மாரியம்மன் தேரா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டு வயரிங்கில் எல்லாமே பக்கம்பக்கம்தான். எத்தனை பல்பைக் கூட்டினாலும் மின்வாரியம் அனுப்பிக்கொண்டே இருக்கும். மின்வாரியத்துக்கு மூச்சு முட்டினால் மொத்தத் தாலுகாவும் கொஞ்சநேரம் விசிறிக்கொள்ளும், தனியாக ஒருவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காரில் அனுப்புகிறவன் ஒரு சின்னப் பெட்டி. அவர் நல்ல வயர்மேனாக இருந்ததால்தான் தப்பாகக் கட்டியிருந்தார்.

பாய் எழுந்து வந்தார். கண்ணாடி நெற்றிக்குப் போயிற்று. “அப்படியா?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு செந்திலிடம், “தம்பி, மங்கும்ங்கிறது நெசந்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூணு பாட்டு பளிச்சுன்னு எரிஞ்சு அணையிற விளக்கு வேணுமா, விடிய விடிய எரியிற விளக்கு வேணுமா? உங்கக்காவுக்கு எது வேணும்?”

செந்தில் யோசித்தார். “அணையக் கூடாது” என்றார்.

ஃபியூஸ் என் பைக்கு வந்தது. வால்பிடியாகக் கட்டினேன். மீட்டர் ஏழு காட்டியது. கணக்குக்கு எட்டு ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் நாலு பார்க்கும். ஆளுக்கொரு காயில் என்று இரண்டு சேனலுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கொடுக்கலாம். அப்போதும் ஒவ்வொரு சேனலும் நாலுதான் பார்க்கும். ஆம்ப்ளிஃபயரைப் போர்வையிலிருந்து எடுத்து டிக்கியில் காற்றாட மாட்டினேன். டீ வந்தது. குடித்தோம். போட்டோம்.

ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுப்போடு நின்றது. ஆனால் சீட்டில் அடி குறைந்துவிட்டது. செந்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தார்.

இங்கேதான் நான் சிக்கினேன். ஓமைக் குறைத்தால் அணைந்துவிடும்; கூட்டினால் பற்றாது. நான் சீட்டுக்கு அடியில் மறுபடி படுத்துப் பார்த்தேன். செந்தில் வேலை சுத்தம். சப்வூஃபர் பெட்டிக்கும் சீட்டின் சட்டத்துக்கும் நடுவே கனமான ரப்பர்த் தகடு கொடுத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் கொடுப்போம். சத்தம் காதுக்குப் போகட்டும், அதிர்வு சீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக வாழ்நாள் முழுக்க ரப்பர் வெட்டியவன் நான். சீட்டு கடகடவென்று ஆடினால் வாடிக்கையாளர் திட்டுவார். இங்கே வேண்டியதே கடகட.

ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியைச் சீட்டுச் சட்டத்தோடு இரும்புப் பட்டை போட்டு நேராக முடுக்கினேன். சீட்டு தரையில் நிற்கிற போல்ட்டுகளைத் தொடவில்லை. அவை உயிரைப் பிடித்திருப்பவை. கதவு ஸ்பீக்கர்களை அணைத்தேன். காது இரண்டிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளங்கையைச் சீட்டில் வைத்து உட்கார்ந்தேன். தெருவில் போன பக்கத்துக் கடைக்காரர் கண்ணாடியைத் தட்டி ஏதோ கேட்டார். பஞ்சை எடுத்தேன்.

“என்ன சார், தியானமா?”

“ஆமா. ஓம்” என்றேன்.

அதே பாட்டு. அதே எட்டு ஓம். சீட்டு முதுகெலும்பு வரைக்கும் பேசியது. கதவு ஸ்பீக்கர்களை மறுபடி போட்டு, மதியம் முழுக்க ஓடவிட்டோம். பாய் அவ்வப்போது டிக்கிக்குப் போய், டீ கிளாஸைப் பிடிக்கிற மாதிரி ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒருதடவைகூட “அப்படியா?” சொல்லவில்லை.

“நீயும் கூடப் போயிட்டு வா. வீட்டுக்காரன் சொன்னா அந்தப் பொண்ணு நம்பாது” என்றார்.

போனோம். மல்லிகா மோட்டார் வைத்த தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை ஓட்டினார். நடுவில் சட்டென்று நிறுத்தி, ஊசியில் அறுந்திருந்த நூலை மறுபடி கோத்தார். நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரியுமுன் மிஷினைத் தொட்டிருந்த கைக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அம்மா செந்திலிடம், “அது பிடிவாதக்காரி தம்பி, பெரியவரு அழைச்சாலும் வராது” என்றார். பெரியவர் நான்தான் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

செந்தில் அக்கா முன்னால் போய் நின்று, தன் நெஞ்சைத் தட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவரைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். நான்தான் தப்பு, நீ சொன்னதுதான் சரி. மல்லிகா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்தார். காரில் ஏறும் முன் தம்பியைக் கையால் தள்ளி, வேப்பமரத்தடியில் போய் நிற்கும்படி சைகை காட்டினார். சாட்சி கலையக் கூடாது என்பதில் கோர்ட்டைவிடக் கறாராக இருந்தார்.

சீட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, டிரைவர் சீட்டில் இருந்த என் பக்கம் கையை நீட்டி, உன் இஷ்டம்போல் போடு, நிறுத்து என்பதாக விரலைத் திறந்து மூடிக் காட்டினார்.

போட்டேன். கை சீட்டில் அழுந்தியது. நடுவில் நிறுத்தினேன். கை உடனே மேலே வந்தது. போட்டேன், இறங்கியது. ஏமாற்றலாம் என்று வெறுமனே பட்டனைத் தொட்டு, நிறுத்தியது போலச் சீட்டின் ஓரத்தைத் தட்டினேன். கை அசையவில்லை, கண்ணைத் திறந்து, இதெல்லாம் வேண்டாம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பிறகு பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது. மூன்றாவது பாட்டைத் தாண்டியது. வேப்பமரத்தடியில் செந்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாலாவதில் மல்லிகாவின் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. அம்மா வாசலில் இருந்து இறங்கிக் கார் அருகே வந்து நின்றார். ஐந்தாவது ஓடியபோது மல்லிகா கண்ணைத் திறந்து, தம்பியை வரச் சொல்லிக் கையசைத்தார். நான் இறங்கி இடம் விட, செந்தில் ஓடி வந்து டிரைவர் சீட்டில் ஏறினார். அக்கா கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார். எனக்குக் கொஞ்சம் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. கழுத்துக் கோளாறுதான் காரணம்.

அடுத்த பாட்டு வந்தது. மெலிந்த குரலும் புல்லாங்குழலும் மட்டும். செந்தில் கண்ணை மூடி ரசித்தார். மல்லிகா கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முகம் சுளித்தது. தம்பியின் தோளில் ஒரு அடி போட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

நான் பதறிப்போய் டிக்கிக்கு ஓடினேன். சிவப்பு விளக்கு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

“என்னாச்சு தம்பி?”

“ஒண்ணும் இல்லண்ணே” என்றார் செந்தில். “எனக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு இது. இதுல ஒண்ணுமே இல்லையாம். மாத்தச் சொல்லுது.”

மாற்றினார். அவர் விமானம் ஏறும்வரை அந்தக் காரில் அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றுகூட ஓடவில்லை என்று அவர் அம்மா சொன்னார்.